குப்பிக்குள் மருந்து உயிரோடு இருக்கிறதா என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவிடுக்கு வந்த ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளைப் பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அதில் இரண்டு இடங்கள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, இந்த வகை மருந்து வெயில் பட்டால் "விஷமாக மாறிவிடும்" என்று போகிற போக்கில் எழுதியது. இன்னொன்று, இப்போது 2 முதல் 8 டிகிரியில் வைக்கக்கூடிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி வந்துவிட்டதால் இனி நம் கிராமங்களுக்குக் கவலையில்லை என்று முடித்தது. முதலாவது தவறு. இரண்டாவது பாதிதான் சரி, அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் 31 வருஷம் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்தவன். கடைசி 17 வருஷம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டிக்குப் பொறுப்பு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், ஞாயிறானாலும் பொங்கலானாலும். செவிலியர் அம்மாக்கள் வெளியூர் முகாமுக்குக் கிளம்பும்போது ஐஸ் பேக்கை உடனே கேரியரில் வைத்துவிடக் கூடாது. வெளியே எடுத்து வைத்து, மேலே வேர்த்து, காதருகில் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளவென்று கேட்க வேண்டும். அப்புறம்தான் வைக்கலாம். இல்லையென்றால் முத்தடுப்பு ஊசி மருந்து உறைந்து கெட்டுப்போகும். மருந்து வெப்பத்தால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், குளிராலும் கெடும் என்பதைப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குப் புரியவைக்கவே ஆறு மாதம் ஆகும்.

ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன், எந்த ஊர் என்பது வேண்டாம். மூன்று நாள் தொடர் விடுமுறை. நான் ஊரில் இல்லை, பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்திருந்தேன், அவர் வரவில்லை. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் தெர்மாமீட்டர் மைனஸில் நிற்கிறது. தெர்மோஸ்டாட் பழுது. கூடைக்குள் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் குப்பிகள், கையில் எடுத்தால் சில்லென்று இருக்கின்றன, ஆனால் மருந்து திரவமாகத்தான் இருக்கிறது. உறைந்து உருகியதா, உறையவே இல்லையா? பார்த்தால் தெரியாது. ஆனால் எனக்கு ஒரு வழி இருந்தது. அதே தயாரிப்புத் தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே டீப் ஃப்ரீசரில் உறைய வைத்து, உருகவிட்டு, சந்தேகப்பட்ட குப்பியையும் அதையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, மேசைமேல் அருகருகே வைத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் வெள்ளையாக ஒரே வேகத்தில் அடியில் படிந்தது. அவ்வளவுதான், மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டு மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டேன். மனசு கஷ்டப்பட்டது, ஆனால் குழப்பம் இல்லை. கெட்டதைக் கெட்டது என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

சொட்டு மருந்துக்கு இன்னும் சுலபம். உலக அளவில் 1996-லிருந்து போலியோ குப்பிமேல், பட்ட வெப்பத்தைக் காட்டும் வி.வி.எம். ஸ்டிக்கர் வருகிறது. வட்டத்துக்குள் ஒரு சதுரம். வெப்பம் ஏற ஏற சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பையில் போட வேண்டியதுதான். படிக்காத தாய்மார்கூடக் குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு "இன்னும் வெள்ளையாத்தானே இருக்கு சார்" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு தடுப்பூசித் திட்டம் மக்களிடம் சம்பாதிக்கக்கூடிய பெரிய சொத்து இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எம்.ஆர்.என்.ஏ. மருந்துக்கு இந்த இரண்டு வழியுமே இல்லை, கவனிக்க வேண்டியது அதைத்தான். கோவிட் காலத்தில் வந்த ஃபைசர், மாடர்னா குப்பிகளில் வி.வி.எம். கிடையாது. குலுக்கிப் பார்ப்பதோ, கூடவே கூடாது. ஃபைசர் மருந்தை உருகவைத்த பிறகு குப்பியை மெதுவாகத் தலைகீழாக 10 தடவை திருப்ப வேண்டும், 1.8 மில்லி சலைன் சேர்த்து இன்னும் 10 தடவை திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது என்று அந்தக் கம்பெனியே எழுதியிருந்தது. எங்களைப் போல வருஷக்கணக்காகக் குலுக்கிப் பழகிய கைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் 2021-ல் இந்த ஊசி போட்டுக்கொள்ளப் போகும்போது போனில் கேட்டாள், "அப்பா, மைனஸ் எழுபதில் வைத்ததை வெளியே எடுத்துப் போடுகிறார்களே, ஒன்றும் ஆகாதா?" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகத்தான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எம்.ஆர்.என்.ஏ.வை டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பு செல் அந்தச் சீட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, வைரஸின் மேலே இருக்கும் ஸ்பைக் புரதத்தைச் செய்கிறது. ஃபைசர் மருந்தில் அந்தச் சீட்டு 4,284 எழுத்து நீளம். நடுவில் ஒரே ஓர் இடத்தில் கிழிந்தாலும் முழுப் புரதம் கிடைக்காது. கிழிப்பதற்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை, ஆர்.என்.ஏ.வின் ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, தண்ணீர் இருக்கும் இடத்தில், பக்கத்து இணைப்பைத் தானே வெட்டிவிடும். டி.என்.ஏ.வில் அந்த இடத்தில் அது இல்லை, அதனால்தான் டி.என்.ஏ. அவ்வளவு கெட்டி. வெப்பம் ஏறினால் வெட்டும் வேகமும் ஏறும். மைனஸ் எழுபது எதற்காக என்றால் இதற்காகத்தான், அந்தக் குளிரில் இந்த வேதிவினை ஏறக்குறைய நின்றுபோகிறது.

நீளம்தான் பிரச்னை என்பதற்கு எனக்குப் பிடித்த ஓர் உதாரணம் உண்டு. 2018-ல் அமெரிக்காவில் ஆன்பாட்ரோ என்று ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது, பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்கு. அதுவும் ஆர்.என்.ஏ.தான், அதுவும் இந்தத் தடுப்பூசிகளைப் போலவே மிக நுண்ணிய கொழுப்பு நானோ உருண்டைக்குள்தான் வருகிறது. ஆனால் அதில் ஒவ்வோர் இழையும் இருபது எழுத்துச் சொச்சம்தான். சாதாரண ஃபிரிட்ஜ் போதும். சின்னச் சீட்டு கிழிய வாய்ப்புக் குறைவு, நாலாயிரம் எழுத்துச் சீட்டு எங்கே வேண்டுமானாலும் கிழியலாம்.

அந்தக் கொழுப்பு உருண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு பொருள்களால் ஆனது அது. அமிலத்தில் மட்டும் நேர்மின்னூட்டம் பெறும் ஒரு கொழுப்பு, டி.எஸ்.பி.சி. என்ற பாஸ்போலிப்பிட், நமக்குத் தெரிந்த கொலஸ்ட்ரால், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பி.இ.ஜி. கொழுப்பு. மொத்த உருண்டையின் குறுக்களவே 100 நானோமீட்டரைச் சுற்றித்தான். இது இல்லையென்றால் நம் ரத்தத்திலும் தோலிலும் இருக்கும் நொதிகள் ஆர்.என்.ஏ.வைக் கொஞ்ச நேரத்தில் அரைத்துவிடும். ஆனால் காவலுக்கு வைத்த இதே கொழுப்பே சீட்டைக் கெடுக்கும் என்பதை மாடர்னா கம்பெனியின் விஞ்ஞானிகள் 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதினார்கள். அந்த மின்னூட்டக் கொழுப்பு காற்றோடு வினைபுரிந்து, சிதைந்து, ஆல்டிஹைடு ஆகி, ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. சீட்டு கிழியவில்லை, ஆனால் ஒரு வரிமேல் எண்ணெய் சொட்டிவிட்டது, படிக்க முடியாது. இதில் பயங்கரமான விஷயம் என்னவென்றால், நீளத்தை மட்டும் அளக்கும் வழக்கமான எலக்ட்ரோபோரசிஸ் சோதனையில் இந்தச் சீட்டு முழுதாக இருப்பதாகவே காட்டும். அதற்கென்று குரோமட்டோகிராபி என்ற வேறு சோதனை செய்தால்தான் அகப்படும். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, பொய் சொல்லவில்லை. ஆய்வகத்துக் கருவியையே ஏமாற்றக்கூடிய கெடுதல் என்றால், சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

இப்போது "விஷம்" விஷயத்துக்கு வருகிறேன். கெட்டுப்போன எம்.ஆர்.என்.ஏ. என்பது துண்டு துண்டான, அல்லது படிக்க முடியாமல் போன ஆர்.என்.ஏ.தான். நம் செல்கள் தாங்களே எழுதிய ஆர்.என்.ஏ. சீட்டுகளைப் படித்து முடித்ததும் அன்றாடம் கிழித்துப் போட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அதனால் வெயில் பட்ட மருந்து விஷமாகும் என்பது சரியில்லை. அதற்காகக் கெட்டதைப் போடலாம் என்று நான் சொல்லவில்லை, ஒருபோதும் போடக் கூடாது. அதன் ஆபத்து வேறு மாதிரி. ஊசி போட்டாகிவிட்டது, சான்றிதழ் கையில் இருக்கிறது, ஆனால் உடம்புக்குள் போன சீட்டில் பாதி படிக்கும்படி இல்லை. அவர் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டு நடமாடுவார். பிறகு நோய் வந்தால், "இந்த ஊசியே உபயோகமில்லை" என்று ஊர் முழுக்கப் பேச்சாகும். மறு தடவை முகாம் போட்டால் யார் வருவார்கள்?

வீரியம் குறைந்தது என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டுச் சில மாதத்தில் நம் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்குவது ஒன்று, வைரஸ் உருமாறியதால் பலன் குறைவதும் அந்தக் கணக்குதான். குப்பிக்குள் மருந்தே வலுவிழப்பது முற்றிலும் வேறு. முதலாவதற்கு பூஸ்டர் உண்டு. இரண்டாவது நடந்ததா இல்லையா என்பதே போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது.

ஃபைசரின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் வந்தபோது மைனஸ் 80-க்கும் மைனஸ் 60-க்கும் நடுவில் வை, ஃபிரிட்ஜில் 5 நாள்தான் என்றார்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் சாதாரண ஃப்ரீசர் குளிரில் 2 வாரம் வைக்க அனுமதித்தார்கள். மே மாதம் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் என்று ஆனது. அப்போது பலர் "முதலில் ஏமாற்றினார்களா, இப்போது ஏமாற்றுகிறார்களா" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. மருந்து மாறவில்லை, வைத்துப் பார்த்த சோதனை முடிவுகள் அப்போதுதான் கைக்கு வந்தன. நாள் ஆனால்தானே ஒரு மாதம் தாங்குமா என்று தெரியும்? அப்புறம் அந்த வருஷக் கடைசியில் நிஜமாகவே கலவையை மாற்றினார்கள், பாஸ்பேட் உப்புக் கரைசலை எடுத்துவிட்டு டிரிஸ் என்ற கரைசலைப் போட்டார்கள், ஃபிரிட்ஜில் 10 வாரம் தாங்கியது. மாடர்னா முதலிலிருந்தே டிரிஸ்தான், மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரும் 30 நாள் ஃபிரிட்ஜும் அதற்குப் போதுமாக இருந்தது. சர்க்கரை, அதாவது நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸ், இரண்டிலும் உண்டு. உறையும்போது பனித்துகள் கொழுப்பு உருண்டையைக் கிழிக்காமல் அது காக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்கு வருத்தம் தந்த பகுதி ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமையின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து ஆவணங்களைத் திருடினார்கள். அவை வெளியே கசிந்தன. அதில், சோதனைக்குப் போட்ட ஃபைசர் குப்பிகளில் முழு நீள ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 78 சதவீதம் இருந்தது என்றும், விற்பனைக்காகப் பெரிய அளவில் தயாரித்த சில தொகுதிகளில் அது 55 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது என்றும், அதை அந்த முகமை கடுமையாகக் கேள்வி கேட்டது என்றும் தெரிந்தது. பிறகு தயாரிப்பைச் சரிசெய்து மறுபடி உயர்த்திய பிறகே அனுமதி தந்தார்கள். அப்படிப் பெரிய அளவில் தயாரித்த மருந்துதான் இஸ்ரேலில் லட்சக்கணக்கானவர்களுக்குப் போடப்பட்டு, அறிகுறியுடன் வரும் நோயை 94 சதவீதம் குறைத்தது என்று 2021 பிப்ரவரியில் ஆய்வு வந்தது. அப்படியானால் அமைப்பு வேலை செய்தது, கேட்க வேண்டிய கேள்வியை அதிகாரிகள் கேட்டார்கள், சந்தோஷம். ஆனால் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் "சரி, குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் முழுதாக இருந்தால் ஏற்பீர்கள்?" என்று கம்பெனிகளையும் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் கேட்டபோது, அது ரகசியம் என்ற பதிலே வந்தது. நல்ல பதில் கையில் இருக்கும்போது அதை ஏன் மறைக்க வேண்டும்? திருட்டு ஆவணம் வழியாகத்தான் மக்களுக்கு இது தெரிய வேண்டுமா? வதந்தி பரப்புகிறவர்களுக்கு இதைவிடத் தீனி வேறென்ன வேண்டும்?

நம் நாட்டுக்கு வருவோம். ஃபைசர் இந்தியாவில் போட்ட விண்ணப்பத்தை 2021 பிப்ரவரியில் திரும்ப எடுத்துக்கொண்டது, மாடர்னாவை இறக்குமதி செய்ய அதே வருஷம் ஜூன் கடைசியில் அனுமதி கிடைத்தும் அரசுத் திட்டத்துக்கு அது வரவில்லை. பக்கத்தில் இலங்கைக்கு ஜூலையில் இரண்டுமே போய்ச் சேர்ந்தன. அப்புறம் புனேயின் ஜெனோவா நிறுவனம் நம் நாட்டின் முதல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைத் தயாரித்து 2022 ஜூனில் அவசர கால அனுமதி வாங்கியது. 2023 ஜூனில் ஒமிக்ரானுக்கென்று ஜெம்கோவாக்-ஓ.எம். வந்தது, ஊசி இல்லாத கருவியால் தோலுக்குள் செலுத்துவது. இரண்டும் 2 முதல் 8 டிகிரியில் நிற்கும். நிஜமான சாதனை, நான் கைதட்டி வரவேற்கிறேன். பி.சி.ஜி.யையும் தட்டம்மை மருந்தையும் பொடியாகவே பார்த்துப் பழகியவன் நான், தண்ணீரை எடுத்துவிட்டால் மருந்து தாங்கும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. எம்.ஆர்.என்.ஏ.விலும் அந்த வழி பலிக்கிறது. ஜப்பானில் 2023 நவம்பரில் அனுமதித்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியும் பொடிதான்.

ஆனாலும் "2 முதல் 8 டிகிரி" என்பது ஒரு சேமிப்பு விதி மட்டுமே. ஜெர்மனியின் க்யூர்வாக் மருந்தும் ஃபிரிட்ஜில் 3 மாதம் தாங்கும் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள், ஏழை நாடுகளுக்கு இதுதான் விடிவு என்று எழுதினார்கள். 2021 ஜூனில் முடிவு வந்தபோது அது நோயைத் தடுத்தது 48 சதவீதம்தான். அது குப்பியில் கெட்டுப்போய்த் தோற்கவில்லை, அதில் டோஸ் 12 மைக்ரோகிராம் மட்டும், ஆர்.என்.ஏ.வின் எழுத்தும் மற்றவர்கள் செய்ததுபோல மாற்றப்படவில்லை. நான் சொல்ல வருவது, வைக்கச் சுலபமாக இருப்பதும் வேலை செய்வதும் தனித்தனிக் கேள்விகள், ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றையும் கேட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், 8 டிகிரி என்பது மாநிலக் கிடங்கின் வாசலில் இருக்கும் 8 டிகிரி இல்லை. சித்திரை வெயிலில், மத்தியானம் கரன்ட் போய், மலையடிவாரக் கிராமத்தில் ஒரு திண்ணைமேல் திறந்து திறந்து மூடும் கேரியருக்குள் இருக்கும் 8 டிகிரி.

அதனால் நான் கேட்பது இதைத்தான். இனிமேல் நம் அரசுத் திட்டத்துக்குள் எந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி வந்தாலும், அதன் தாங்கும் திறனுக்குப் பொருத்தமான வி.வி.எம். ஸ்டிக்கர் குப்பிமேல் இருக்க வேண்டும். 37 டிகிரியில் 2 நாள் தாங்கும் மருந்துக்கும் 30 நாள் தாங்கும் மருந்துக்கும் தனித்தனி ஸ்டிக்கர் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்த ஸ்டிக்கர் பட்ட வெப்பத்தைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வை அது பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே அதோடு நிற்காமல், கிராமத்து ஐ.எல்.ஆர். பெட்டிகளிலிருந்தே சில குப்பிகளை எடுத்து கசௌலியின் மத்திய மருந்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முழு நீள ஆர்.என்.ஏ. எத்தனை சதவீதம், கொழுப்பு உருண்டைக்குள் அடைபட்டது எவ்வளவு, செல்களில் போட்டுப் பார்த்தால் புரதம் உண்டாகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் போலியோ சொட்டு மருந்து மாதிரிகளை நாங்கள் இப்படித்தான் வீரியம் பார்க்க அனுப்பினோம். முடிவு எதுவானாலும், தொகுதி எண்ணோடு வெளியிட வேண்டும்.

உங்கள் நாளிதழ் இந்த விஷயத்தை மறுபடி எழுதும்போது ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நிருபரை அனுப்பி, அங்கே நோட்டில் காலை, மாலை வெப்பநிலை எழுதுகிற மருந்தாளுநரிடமும் செவிலியரிடமும் கேட்டு எழுதுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். கட்டுரையில் கம்பெனியும் விஞ்ஞானியும் அமைச்சரும் பேசினார்கள். குப்பியைக் கடைசியாகக் கையில் பிடிக்கிறவர் பேசவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.